அகலிகையை முழுசாகப் பாடத்தில் வையுங்கள்

கல்லூரித் தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். ‘இலக்கியத்தில் பெண்: அன்றும் இன்றும்’ என்ற கேள்வி வினாத்தாளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. பிள்ளைகளும் ஒரே பதிலைத்தான் எழுதிவைக்கிறார்கள்: அந்தக் காலத்துப் பெண் அடங்கிக் கிடந்தாள், இந்தக் காலத்துப் பெண் விழித்துக்கொண்டாள். விடைத்தாள் திருத்திச் சலித்த ஆசிரியராக எழுதுகிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், பாடத்தை நாம் அடுக்கியிருக்கும் லட்சணம் அப்படி.

குறுந்தொகை 28ஆம் பாட்டில் ஔவையாரின் தலைவி, தன் காதல் நோய் அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்து ‘முட்டுவேனா, தாக்குவேனா’ என்கிறாள். இதில் அடக்கம் எங்கே இருக்கிறது? 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலிலேயே நாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாள்கிறாள். சரி, அதை விடுங்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அகலிகை, கோதம முனிவனின் மனைவி; கணவன் வேடத்தில் வந்த இந்திரனோடு கூடியதால் அவனால் சபிக்கப்பட்டவள். அவள் ஒருத்தியை எடுத்துக்கொண்டு வால்மீகி, கம்பன், புதுமைப்பித்தன் மூவரையும் ஒரே பாடத்தில் சேர்த்து வையுங்கள்.

வால்மீகியில், வந்திருப்பவன் இந்திரன் என்று தெரிந்தே அவள் சம்மதிக்கிறாள். அங்கே அவள் கல்லாவதும் இல்லை. யார் கண்ணிலும் படாமல், காற்றே உணவாகச் சாம்பலில் கிடக்க வேண்டும் என்பதுதான் சாபம். அது தீரும்போது ராமனும் இலக்குவனும் அவள் காலைத் தொட்டு வணங்குகிறார்கள். கம்பனிலோ அவள் கல், ராமனின் கால் தூசி பட்டு எழுகிறாள். வணங்கப்பட்டவள் கால்தூசியில் மீள்பவளாகிவிட்டாள். அதற்காகக் கம்பனை லேசில் ஒதுக்கிவிட முடியாது. ‘உணர்ந்தனள், உணர்ந்த பின்னும்’ விலகவில்லை என்று பாடிய அவனே, சில பாட்டுகள் தள்ளி, ‘நெஞ்சினால் பிழைப்பு இலாளை’ ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரனைக் கொண்டு கோதமனுக்குச் சொல்லவைக்கிறான். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சுகூட வாய் திறக்கும்.

அப்புறம் 1943இல் புதுமைப்பித்தனின் சிறுகதை ‘சாபவிமோசனம்’. சாபம் தீர்ந்த பிறகுதான் இந்தக் கதை சூடு பிடிக்கிறது. தனக்கு விடுதலை தந்த ராமன், மனைவியைத் தீக்குளிக்கவைத்தான் என்பதைச் சீதை வாயாலேயே அகலிகை கேட்கிறாள். ‘அவர் கேட்டாரா?’ என்று தொடங்கியவள் ‘அவன் கேட்டானா?’ என்று கத்துகிறாள். முடிவில் மறுபடியும் கல்லாகிறாள். இந்தத் தடவை அவளை யாரும் சபிக்கவில்லை.

பக்கக் கணக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். கம்பனில் பத்துப் பதினைந்து பாட்டு, வால்மீகியில் அந்தப் பகுதியின் மொழிபெயர்ப்பு, கூடவே ஒரு சிறுகதை, அவ்வளவுதான்.

மூன்றும் ஆண்கள் எழுதியவைதானே என்று ஒரு மாணவியாவது எழுந்து கேட்பாள். கேட்கட்டும், கேட்க வேண்டும். அப்போது சங்கப் பெண்புலவர் வெள்ளிவீதியாரையும் இக்காலப் பெண் எழுத்தாளர் அம்பையையும் எடுத்துக் கையில் கொடுக்க நூலகத்தில் புத்தகம் வேண்டும். அதற்கான பரிந்துரையையும் பாடத்திட்டத்தோடு சேர்த்தே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்