எஸ்2 எங்கே பிறந்தது?

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். பால்வீதியின் நடுவிலுள்ள இளம் விண்மீன்களையே ஆய்வுக்கு எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். 2020இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது எல்லாரும் அங்குள்ள கருந்துளையைப் பற்றியே பேசினார்கள். அதைக் காட்டிக்கொடுத்த விண்மீன்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்ற குறை எனக்கு உண்டு. ஆகவே உன் தேர்வு எனக்கு நிறைவளிக்கிறது.

தனுசு ராசியின் திசையில், சுமார் 27,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த இடத்தை இடையில் கிடக்கும் தூசு மறைத்துவிடுவதால், அகச்சிவப்புக் கதிரில்தான் விண்மீன்களைப் பின்தொடர முடிகிறது. அந்த நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரில், ரைன்ஹார்ட் கென்செலின் குழு 1992 முதல் சிலியிலிருந்தும், ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு 1995 முதல் ஹவாயிலிருந்தும் அதைத்தான் செய்தன. இரண்டு குழுக்களும் போட்டியிட்டுத் தனித்தனியே அளந்து, அங்கே கருந்துளை இருக்கிறது என்ற ஒரே முடிவுக்கு வந்ததால்தான் அதன்மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தக் கருந்துளையைச் சுற்றும் எஸ்2 விண்மீன் 16 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறது. அதன் நீள்வட்டப் பாதையின் அரை நெட்டச்சு, அதாவது நீளவாக்கு விட்டத்தின் பாதி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ 1,000 மடங்கு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 1,000இன் மும்மடியை 16இன் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தேன்; கருந்துளைக்கு 39 லட்சம் சூரியன்களின் நிறை வந்தது. உங்கள் துல்லியமான கணக்கில் அது சுமார் 43 லட்சம். பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு நெருங்கி வருவதை நினைத்தால் இன்னமும் வியப்பாக இருக்கிறது.

என்னை உறுத்துவது எஸ்2இன் வயதுதான். சூரியனைப்போல் சுமார் 14 மடங்கு நிறைகொண்ட அந்த வெப்பமான விண்மீனுக்கு ஒன்றரைக் கோடி ஆண்டுகூட ஆகியிருக்காது. கருந்துளையின் ஈர்ப்பு வாயு மேகங்களைப் பிய்த்தெறியும் இடத்தில் அது பிறந்திருக்க முடியாது. தொலைவில் பிறந்து மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வருவதற்கும் காலம் போதாது. 1988இல் ஜாக் ஹில்ஸ் சொன்ன விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: நெருங்கி வந்த இரட்டை விண்மீன்களில் ஒன்றைக் கருந்துளை பிடித்துக்கொள்ள, மற்றது பால்வீதியை விட்டே வெளியேறும் வேகத்தில் வீசப்படுகிறது. அப்படி ஓடும் விண்மீன்கள் 2005 முதல் கண்டுபிடிக்கப்பட்டும் வருகின்றன.

ஆனால், அவ்வாறு பிடிபட்ட விண்மீனின் பாதை தொடக்கத்தில் மிகமிக ஒடுங்கியதாக இருந்திருக்க வேண்டுமே! எஸ்2 பாதையின் மையப்பிறழ்ச்சி (வட்டத்துக்கு 0; நீள்வட்டம் ஒடுங்க ஒடுங்க 1ஐ நெருங்கும்) 0.88தான் என்கிறார்கள். அக்கம்பக்கத்து விண்மீன்களின் ஈர்ப்பு அந்தப் பாதையை இந்த அளவுக்கு அகலப்படுத்த, எஸ்2இன் குறுகிய வயது போதுமா? அல்லது அது வேறு வழியாக வந்து சேர்ந்ததா? உன் கருத்தை விரிவாக எழுது. கணக்கையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா