நீக்கிய லேனிலும் ஒரு பட்டை: ஆன்டிபாடி நிறுவனத்தாருக்குத் திறந்த மடல்

ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக் காட்ட வேண்டிய ஆன்டிபாடியைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

சி9ஆர்ஃப்72 மரபணுவைப் பற்றி நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தசையை இயக்கும் நரம்புகளை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயோடு அதற்குள்ள தொடர்பு 2011-இல் வெளிவந்தது. அதன் புரதம் எஸ்எம்சிஆர்8, டபிள்யுடிஆர்41 என்ற வேறு இரு புரதங்களோடும் சேர்ந்திருக்கிறது, செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோம் பக்கம் அதற்கு வேலை இருக்கிறது என்பது வரை தெரியும். அந்த வேலை என்ன என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அதற்கு உங்கள் ஆன்டிபாடிக் குப்பிகளும் ஒரு காரணம்.

அண்மையில் வந்த ஒரு குப்பியைப் பாருங்கள். அதை வெஸ்டர்ன் பிளாட்டில் சோதித்தோம்: செல்லின் புரதங்களை ஜெல்லின் லேன்களில் (ஓடுபாதைகளில்) எடைவாரியாகப் பிரித்தால், ஆன்டிபாடி பிடித்த புரதம் பட்டையாகத் தெரியும். லேனுக்கு 20 மைக்ரோகிராம் புரதம், 10 சதவீத ஜெல், ஆன்டிபாடி 1:1000, 4 டிகிரியில் இரவு முழுக்க. இந்தப் புரதத்தின் நீள வடிவம் 481 அமினோ அமிலம்; பட்டை 54 கிலோடால்டன் எடைக்கு அருகே விழ வேண்டும். விழுந்தது, பளிச்சென்று. கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் அந்த மரபணுவையே முடக்கிய செல்லின் லேனிலும் அதே உயரத்தில், அதே தடிமனில் விழுந்தது. இல்லாத புரதத்துக்கு ஏது பட்டை? அந்த எடைக்கு அருகே ஓடும் புரதங்கள் செல்லில் ஏராளம். அவற்றில் எதையோ அது பிடித்திருக்கிறது.

கேட்டால், இலக்குப் புரதத்தின் சிறு துண்டான பெப்டைடை ஆன்டிபாடியோடு முன்பே கலந்து, பட்டை மறைவதைக் காட்டும் பெப்டைடு தடுப்புப் படம் அனுப்புகிறீர்கள். அந்தப் பெப்டைடு ஆன்டிபாடியின் பிடியையே அடைத்துவிடுகிறது. தவறான பட்டையும் சேர்ந்துதான் மறையும். புரதத்தைச் செல்லில் அளவுக்கு மீறி உண்டாக்கி எடுக்கும் மிகை உற்பத்திப் படமும் போதாது. புரதம் குவிந்து கிடக்கும் செல்லில் பலவீனமான ஆன்டிபாடியும் பட்டை காட்டும். இயல்பான அளவில் அது தேறுமா என்பதுதான் கேள்வி. முடக்கிய செல்லைப் பக்கத்து லேனில் வைத்துக் காட்டுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

2019-இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் இப்படித்தான் சோதித்தார்கள். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் பயன்பட்ட ஆன்டிபாடிகளிலேயே சில, இந்தப் புரதத்தைப் பிடிக்கவே இல்லை. அப்படியானால் அந்தப் படங்களில் இருப்பது யாருடைய புரதம்? அதை நம்பிப் பின்னால் வந்த ஆராய்ச்சி மாணவர்களின் ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? பல ஆய்விதழ்களும் இந்த முடக்கிய செல்லின் லேனைக் கேட்காமலே கட்டுரையை ஏற்கின்றன.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள்க. ஒவ்வொரு லாட்டுக்கும் (தயாரிப்புத் தொகுதிக்கும்) முடக்கிய செல்லோடு ஒப்பிட்ட, வெட்டாத முழு பிளாட் படத்தை, செல்லின் பெயரும் புரத அளவும் குறித்து, பொருளின் இணையப் பக்கத்திலேயே வெளியிடுங்கள். முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பாலிகுளோனல் ஆன்டிபாடி என்றால் முயல் மாறும்போதெல்லாம் மறுபடி சோதியுங்கள். தேறாததை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தயவுசெய்து எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
இந்தப் புரதத்தோடு வேலை செய்பவர்கள்