எங்கள் மகளோடு நின்றவர்களுக்கு

தாராவி, மாட்டுங்கா, சயான் உறவுகளுக்கு வணக்கம்.

மகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இந்த மாதம் முடிந்தது. இரண்டு வருஷத்துக்கும் மேலாக மருந்து. இனி பரிசோதனைக்கு மட்டும் பரேல் டாடா மருத்துவமனைக்குப் போய்வந்தால் போதும்.

முதல் நன்றி, வார்டில் இருந்த திருநெல்வேலி நர்ஸ் அக்காவுக்கு. ஏ.எல்.எல். என்ற இந்த வகைதான் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோய் என்றும், எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகி நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும் என்றும் தமிழில் பொறுமையாகச் சொன்னார். நான் கொடுத்த சாப்பாட்டாலோ, யார் கண்பட்டதாலோ வந்ததல்ல, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது என்றார். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

முதல் மாத மருந்திலேயே பிள்ளை தெளிந்துவிட்டாள். "நல்லாயிட்டாளே, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்றார் மாமியார். எங்களுக்கும் அதே ஆசைதான். அக்கா விடவில்லை. பரிசோதனையில் தெரியாத புற்று அணுக்கள் உடம்பில் மிச்சமிருக்கும், நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்றார். நரம்பில் ஏற்றும் மருந்துகள் பலவும் மூளைக்குப் போதிய அளவு போகாதாம். அதனால்தான் முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் ஊசி. அப்புறம் மாதக்கணக்கில் வீட்டிலேயே மாத்திரை. காரணம் புரிந்ததால்தான் அவள் அழுதபோதும் எங்களால் தாங்க முடிந்தது.

ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களைக் கொடுத்த தம்பிகளே, எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளைக்கு மேல் சாதாரணமாக வைத்திருக்க முடியாது. அதனால் முறைவைத்து வந்தீர்கள். வேலையை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஊசியோடு படுத்திருந்தீர்கள்.

டாக்ஸி அண்ணனுக்கு நன்றி. கீமோவால் வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரி வந்தாலே விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மும்பையில் ஆட்டோ சயானைத் தாண்டி, பரேல் பக்கம் போகாது. எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினாலும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

மாடிவீட்டு அக்கா, உங்கள் பையனுக்கு அம்மை போட்டதும் முதலில் எங்களுக்குத்தானே சொல்லி அனுப்பினீர்கள்! அந்த நேரத்தில் அது அவள் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். எத்தனை பேருக்கு அது தோன்றும்?

தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வார்டில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் தொடர்ந்து பிளேட்லெட் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு அம்மா, தாராவி