மானியம் போனது, மாற்று எங்கே?

ஐயா,

பிரெக்ஸிட்டுக்குப் பிந்தைய பிரிட்டன் வேளாண்மை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, மானியம் குறைந்ததையே முதன்மைக் குறையாகக் காட்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தபோது நிலப்பரப்பின் அளவுக்கேற்ப வழங்கப்பட்ட நேரடி மானியம் இங்கிலாந்தில் 2021 முதல் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2027-உடன் முடிவுக்கு வருகிறது. அதிக நிலம் வைத்திருந்தவருக்கே அதிகம் கொடுத்த அந்த முறை ஒழிவதில் எனக்கு வருத்தமில்லை. மண், நீர், உயிரினங்களைப் பேணுவோருக்குப் பணம் என்ற புதிய கொள்கையும் சரியானதே. ஆனால், அதன் முக்கியத் திட்டமான நீடித்த வேளாண் ஊக்கத்தொகைக்கான புதிய விண்ணப்பங்களை, 2025 மார்ச் 11 அன்று முன்னறிவிப்பின்றி அரசு நிறுத்தியதே உண்மையான அடி. பழைய வாசலை மூடும்போது புதிய வாசலையும் சாத்துவது எவ்வகைச் சீர்திருத்தம்?

பத்தாண்டுகளாகக் கம்பிரியாவின் மலையடிவார ஊரொன்றில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் தம் செம்மறி மந்தையில் பாதியை விற்றுவிட்டு, இப்போது காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். நியூசிலாந்துடன் 2023-இல் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தப்படி அந்நாட்டு ஆட்டிறைச்சிக்கான இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 15 ஆண்டுகளில் விலகவிருக்கும் நிலையில், மீதி மந்தையை அவர் எதை நம்பி வைத்திருப்பார்? எனவே, ஊக்கத்தொகைக்கான நிதியை ஐந்தாண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதிசெய்து, அதில் ஒரு பகுதியை மலைப்பகுதிச் சிறு பண்ணைகளுக்கென ஒதுக்குவதுடன், எந்தத் திட்டத்தையும் மூடுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே அறிவிப்பதைச் சட்டக் கடமையாக்க வேண்டும்.

ஒரு வாசகர்,
கம்பிரியா, இங்கிலாந்து.