துவர்ப்பைத் தொலைத்த சாக்லேட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோகோவில் உள்ள ஃபிளவனால் என்ற தாவரச் சத்து ஞாபக சக்திக்கு நல்லது என்று போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை என் கணவர் வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். அவருக்கு வயது 74, சர்க்கரை வந்து பத்து வருஷமாகிறது. அன்று சாயந்திரமே செம்பூர் ஸ்டேஷன் பக்கம் போய் மூன்று டார்க் சாக்லேட் வாங்கி வந்துவிட்டார். கேட்டால், "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்கிறார். அதனால் பேப்பருக்கே எழுதுகிறேன்.

கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முக்கியமான பாதி விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் சொன்ன 2023ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் 3,562 முதியவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பாதிக்குக் கொடுத்தது சாக்லேட் இல்லை, கோகோவிலிருந்து பிரித்தெடுத்த 500 மில்லிகிராம் ஃபிளவனால் அடங்கிய மாத்திரை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது ஞாபக சக்தியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. ஏற்கெனவே சாப்பாட்டில் ஃபிளவனால் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. அதே பெரிய ஆய்வின் இன்னொரு பிரிவில் 2,000க்கும் மேற்பட்டவர்களை மூன்று வருஷம் கவனித்து, கோகோ மாத்திரையால் அறிவுத்திறனில் பயன் தெரியவில்லை என்று 2022லேயே சொல்லிவிட்டார்கள். நிதி கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனி மார்ஸும் உண்டு. அதை அவர்கள் மறைக்கவில்லை, அறிக்கையிலேயே இருக்கிறது. உங்கள் கட்டுரையில்தான் இல்லை.

நான் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், லேபிள் படிக்கும் வியாதி இன்னும் விடவில்லை. சமையலறையில் இருந்த கோகோ பவுடர் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். 'அமிலத்தன்மை சீராக்கி 501' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதாவது பொட்டாசியம் கார்பனேட். கோகோவுக்கு இயல்பாகவே வாழைப்பூ, நாவற்பழம் மாதிரி ஒரு துவர்ப்பு உண்டு. அந்தத் துவர்ப்பில் ஃபிளவனாலுக்கு நல்ல பங்கு இருக்கிறது. நாக்குக்குப் பிடிக்க வேண்டும், நிறமும் கறுக்க வேண்டும் என்று பொட்டாசியம் கார்பனேட் மாதிரிக் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தும்போது ஃபிளவனாலில் பெரும்பகுதி போய்விடும். கறுத்தால் சத்து என்று நினைக்கிறோம், இதில் விஷயம் தலைகீழ்! அவர் வாங்கி வந்த சாக்லேட்டையும் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை 100 கிராமுக்கு 30 கிராம் என்று இருந்தது. ஃபிளவனால் எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை.

சரி, ஃபிளவனாலே வேண்டாமா? வேண்டும். அது டீயில் இருக்கிறது, ஆப்பிளில், திராட்சையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் காலை காபிக்குப் பதில் டீ குடியுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கும்பகோணத்துக்காரரிடம் சொல்லக்கூடிய விஷயமா அது!

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்படிக் கட்டுரை போடும்போது எத்தனை மில்லிகிராம், எந்த வடிவத்தில், யாருக்குப் பலித்தது என்று அதே பக்கத்தில் நான்கு வரி சேருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வரி தனியாக. அதையும் இவர் வெட்டி ஒட்டிக்கொள்வார். ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
செம்பூர், மும்பை