சூளைக்காரர் பெயரையும் அச்சிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதுச்சேரி மண்பாண்டக் கலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கியதில் ஆரம்பித்து, வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ பெற்றது வரை எழுதியிருந்தீர்கள். நிறைவாக இருந்தது. ஆனால் மண் பிசைபவர், கிளேஸ் (பானைக்குக் கண்ணாடிபோல் பளபளப்பு தரும் பூச்சு) கரைப்பவர், சூளைக்கு விறகு போடுபவர் என்று ஒருவரைப் பற்றியும் ஒரு வரி கூட இல்லையே!

கோல்டன் பிரிட்ஜின் கதையிலேயே இவர்களுக்கு இடம் உண்டு. சுற்றுவட்டாரத்து ஆட்களை வேலைக்குச் சேர்த்து அங்கே தொழில் பழக்கினார்கள். அவர்களில் சிலர் பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டார்கள். புதுச்சேரி பாட்டரி என்று இன்று ஒரு தொழிலே இருப்பதற்கு அவர்களும் காரணம்.

எங்கள் பகுதியில் பொதுமக்களுக்கென்று நடக்கும் ஒரு மண்பாண்டப் பயிற்சிக்கு நான் போய்வருகிறேன். சக்கரத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுப்பவர் ஆசிரியர். அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நாங்கள் சக்கரத்தில் வைக்கும் மண்ணைத் தயார் செய்வது ஓர் அக்கா. தொட்டியில் ஊறவைத்து, சல்லடையில் வடித்து, ஈரம் சுண்டவிட்டு, பிறகுதான் பிசைவார். பிசைந்த உருண்டையைக் கம்பியால் இரண்டாக அறுத்து, அறுத்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடுகளவு ஓட்டை தெரிந்தாலும் திரும்பப் பிசைவார். உள்ளே காற்று நின்றால் சக்கரத்தில் மண் கைக்கு அடங்காது. ஈரத்தோடு சூளைக்குப் போனாலோ பானை வெடித்துப் பக்கத்துப் பானையையும் கெடுக்கும். எது எப்போது காய்ந்தது என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அப்படியானால் அவரும் ஆசிரியர்தானே? சான்றிதழில் அவர் பெயர் இல்லை, சம்பளப் பட்டியலில் 'உதவியாள்'.

சூளை அண்ணன் வேலை இன்னும் கடினம். ஸ்டோன்வேர் என்ற கெட்டியான வகைப் பாண்டம் வேக ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சவுக்கு விறகை ஒரே சீராகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் பானை விரிசல் விடும், அசந்தால் சூடு இறங்கிவிடும். பார்வைத் துளை வழியே உள்ளே கோன் (சூட்டை அறிய வைக்கும் சிறு கூம்பு) சாய்கிறதா என்று பார்த்து அவர் 'போதும்' என்றால்தான் நிறுத்துவார்கள். பல பேருடைய பல வார உழைப்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இன்னொன்றும் எழுதியே ஆக வேண்டும். காய்ந்த மண்ணிலும் கிளேஸ் பொடியிலும் சிலிக்கா இருக்கிறது. அந்தத் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். வந்தபின் நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வாரம் ஒருநாள் வரும் எங்களுக்கு ஆபத்து குறைவு. தினமும் பொடியை நிறுத்துக் கலப்பவருக்கும் மாலையில் தரையைக் கூட்டுபவருக்கும்தான் அதிகம். துணி முகமூடி இதற்குப் போதாது. துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை, ஆனாலும் பல இடங்களில் செய்வதில்லை.

ஆகவே பயிற்சி நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள்: கட்டணத்தில் ஒரு பகுதியை இவர்களுடைய சம்பளத்துக்கும், தரமான முகமூடிக்கும், ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனைக்கும் ஒதுக்குங்கள். அதற்காகக் கட்டணம் கொஞ்சம் கூடினால் கொடுக்க நாங்கள் தயார். கண்காட்சி வைக்கும்போது கலைஞர் பெயருக்குக் கீழே மண் தயாரித்தவர், சூளை எரித்தவர் பெயரையும் போடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நிருபரை அனுப்பும்போது, சூளை மூட்டும் நாளாகப் பார்த்து அனுப்புங்கள். பேட்டியைச் சூளை அண்ணனிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி