கயிற்றில் முளைத்த சிற்பங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரூபச் சிற்பம் என்றாலே 'புரியாது' என்று ஒதுங்கிவிடுகிறவர்களுக்குச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் படைப்புகளைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். 1949-இல் மும்பையில் பிறந்தவர், பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். கல்லும் உலோகமும்தான் சிற்பம் என்றிருந்த காலத்தில் அவர் எடுத்துக்கொண்டது சாதாரணச் சணல் கயிறு! தறி கிடையாது, முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. சாயமேற்றிய கயிற்றை முடிச்சு முடிச்சாகக் கையாலேயே போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே கொண்டுபோயிருக்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் முடிச்சு, நாலடி தள்ளி நின்றால் மடிப்பு மடிப்பாக விரியும் ஏதோ ஒரு பூ, இல்லை, கருவறையில் நிற்கும் தெய்வம். அப்புறம் களிமண், வெண்கலம் என்று போனார்.

2015-இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் பணிகளின் கண்காட்சி தொடங்கிய சில நாட்களிலேயே இறந்துபோனார். 2019-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. தமிழில் அவரைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு. படங்களோடு ஒரு முழுப்பக்கக் கட்டுரை போடுங்கள், தயவுசெய்து கறுப்பு வெள்ளையில் வேண்டாம், அந்தச் சாயத்தின் நிறம் தெரிய வேண்டும்.

- ஒரு வாசகர்